விசுவாசியாக இருந்தும் நெருக்கடியில் என்னையே அடக்க முடியவில்லை: எங்கே தவறுகிறேன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வேலை போய் ஐந்து மாதம். வீட்டில் பெரியவர் ஒருவர் படுக்கையில். கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. பகலில் சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள். இரவு இரண்டு மணி வரை போனோடு கிடக்கிறீர்கள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. "ஆவியின் கனி என்னிடம் காணப்படவில்லையென்றால் என் விசுவாசமே பொய்யா? இந்த நேரத்தில் நிலையாக நிற்பது எப்படி? சபையில் சொன்னால் சாட்சி கெட்டுவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றே: அடக்கம் உண்மையான விசுவாசிக்குத் தானாக வருவதா, அல்லது நாம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையா?

முதலில் சொற்களைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஆவியின் கனியைப் பட்டியலிடும் கலாத்தியர் 5:23இல் பழைய மொழிபெயர்ப்பு "இச்சையடக்கம்" என்கிறது; கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "தன்னடக்கம்" என்று இருக்கும். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் எங்க்ராத்தெய்யா. அதன் வேர் பிடி, வலிமை, ஆளுகை என்ற பொருள்கொண்டது. ஆசையே இல்லாமல் போவது என்ற பொருள் அதில் இல்லை. கடிவாளம் கையில் இருப்பது என்பதுதான் பொருள். ஆகவே கோபம் உள்ளே எழுந்ததாலேயே கனி இல்லை என்று முடிவுகட்டுவது அந்தச் சொல்லுக்கே பொருந்தாது. இன்னொரு சொல் "தெளிந்த புத்தி". 1 பேதுரு 5:8இல் அதற்கு நேரான கிரேக்கச் சொல் போதையில் இல்லாமல் இருப்பதைக் குறிப்பது. பயமும் ஒரு போதைதான் என்று புரிந்துகொண்டால் அந்த வசனம் நெருக்கடிக் காலத்துக்கே எழுதப்பட்டதுபோல் இருக்கும். மூன்றாவது "பொறுமை": பாரத்தின் கீழே நகராமல் நிற்பது. 2 பேதுரு 1:6 இச்சையடக்கத்தோடே பொறுமையைக் கூட்டச் சொல்கிறது. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும், அடக்கமும் நிலையாக நிற்பதும், அந்த வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வள்ளுவரும் மலையைவிடப் பெரியவன் என்று சொன்னது வெறுமனே அடங்கியவனை அல்ல, நிலையில் திரியாமல் அடங்கியவனை.

தானாக வருவதா, செய்ய வேண்டியதா என்பதற்கு வேதத்தின் பதில் சற்று எரிச்சலூட்டும்: இரண்டும். கலாத்தியரில் அது "கனி". கனியை யாரும் செய்ய முடியாது. அதே இச்சையடக்கத்தை 2 பேதுரு "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. பயிரிடுகிறவருக்கு இதில் முரண்பாடே தெரியாது. விளைச்சலைக் கொடுப்பது அவர் அல்ல. ஆனால் தண்ணீர் கட்டாமல் விளைச்சலுக்காக ஜெபித்துக்கொண்டு மட்டும் இருக்கமாட்டார். நடைமுறையில் மக்கள் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். சிலர் "ஆவியானவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு ஏற்பாடும் செய்யாமல் விட்டு, பிறகு கனி இல்லையே என்று அழுகிறார்கள். சிலர் கடுமையான விரதங்களாலும் சபதங்களாலும் தங்களை நசுக்குகிறார்கள். இந்த இரண்டாம் வகையை கொலோசெயர் 2:20-23 பெயர் சொல்லாத குறையாகக் கடிகிறது: ஞானம் போலத் தோன்றும், ஆனால் பலன் இல்லை.

நான் சொல்ல வருவதன் மையம், இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் இருக்கிறது. "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று இயேசு சொன்னது பேதுருவிடம். பேதுரு தூங்கினார். அதற்கடுத்த சில மணி நேரத்தில் பட்டயத்தை உருவி ஒருவன் காதை வெட்டினார். பின்பு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் மூன்று முறை மறுதலித்தார். ஒன்று கோப வெடிப்பு, மற்றது பய வெடிப்பு. இரண்டுக்கும் வித்து அந்தத் தூக்கத்தில். இயேசுவோ போராட்டத்தைத் தோட்டத்திலேயே போராடி முடித்தார், அதுவும் ஒரே வார்த்தைகளை மூன்று முறை சொல்லி (மத்தேயு 26:44). பிலாத்துவின் முன் அவர் காட்டிய அமைதி பிலாத்துவின் முன் உண்டானது அல்ல. நீங்கள் பிள்ளையின்மேல் கத்திய அந்த நொடியில் உங்களுக்கு அடக்கம் வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். அந்த நொடியில் வராது. அது முந்தின இரவிலோ காலையிலோ வைக்கப்பட்டிருக்க வேண்டும். லூக்கா 22:45 சீஷர்கள் "துக்கத்தினாலே" தூங்கினார்கள் என்கிறது. சோம்பலால் அல்ல. உங்கள் நிலையும் பெரும்பாலும் அதுதான் என்று நினைக்கிறேன். பேதுருவின் விசுவாசம் பொய் என்று அந்த இரவு நிரூபிக்கவில்லை. உங்களுடையதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எனவே முதல் வேலை உடம்பில். எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19), தூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், எலியா மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான் வருகிறது. தூக்கம் கெட்ட மனிதனிடம் நீடிய பொறுமையை எதிர்பார்ப்பது எண்ணெய் தீர்ந்த வண்டியைத் திட்டுவது போல. உங்கள் விஷயத்தில் இரவு இரண்டு மணிதான் மறுநாள் பிற்பகல் கத்தலின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக்குங்கள், எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும். தூக்கம் அதைப் பின்தொடர ஒன்றிரண்டு வாரம் ஆகும். போன் படுக்கை அறைக்கு வெளியே, கை எட்டாத இடத்தில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம். "கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்ற தீர்மானம் இரவு பதினொன்றரைக்கு நிற்காது. அந்த நேரத்தில் தீர்மானிப்பவர் காலையில் தீர்மானித்தவர் அல்ல. ரோமர் 13:14 இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருக்கச் சொல்வதைச் சாதாரண மொழியில் சொன்னால், தீனி போடாதே, வழி திறந்து வைக்காதே என்பதே. உறுதியான மனம் படைத்தவர்கள் என்று நாம் நினைப்பவர்களில் பலர் சோதனையோடு மல்லுக்கட்டி வெல்பவர்கள் அல்ல. மல்லுக்கட்ட நேராதபடி வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்தவர்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1548இல் அச்சான தம் ஆன்மீகப் பயிற்சிகளில் ஒரு முறை சொல்கிறார்: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வது, காலையில் அதற்கு எதிராகத் தீர்மானிப்பது, மதியமும் இரவும் மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி வைப்பது, நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுவது. சீர்திருத்தச் சபையினர் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. இதில் கோட்பாட்டுச் சிக்கல் ஒன்றும் இல்லை. முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள்: எத்தனை மணி, எங்கே, அதற்கு முன் அரை மணியில் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சொன்னீர்கள். ஏழாம் நாள் பார்த்தால் அநேகமாக ஓரிரண்டு நேரங்களில்தான் அவை குவிந்திருக்கும். கடன்காரர் அழைப்பு வந்த பிறகு, அல்லது பெரியவருக்கு மருந்து கொடுத்து முடித்த கையோடு. "நான் கோபக்காரன்" என்ற பெரிய வாக்கியம் "மாலை ஆறரைக்குப் பசியோடு இருக்கையில் பணத்தைப் பற்றி யாராவது கேட்டால்" என்று சின்னதாகிவிடும். சின்னதைத்தான் கையில் பிடிக்க முடியும்.

அப்படிப் பிடித்த பிறகு அந்த ஒரு தருணத்துக்கு ஒரு திட்டம்: "இது நடந்தால், நான் இதைச் செய்வேன்." உளவியலில் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து காட்டிய முறை இது. பொதுவான தீர்மானத்தைவிட, நேரமும் இடமும் செயலும் குறிப்பிட்ட திட்டம் அதிகம் நிறைவேறுகிறது. திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால், அதை எதிர்மறையாக எழுதுவதால். "கத்தமாட்டேன்" என்பது திட்டம் அல்ல. கையும் காலும் என்ன செய்யும் என்று அது சொல்லவில்லை. டேனியல் வெக்னர் 1987இல் ஒரு சோதனையில் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னார். பின்னால் அவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. லூக்கா 11:24-26 வேறு காரியத்தைப் பேசினாலும், பெருக்கி ஜோடித்துக் காலியாக விட்ட வீட்டின் கதி இங்கேயும் பொருந்துகிறது. "அழைப்பு முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, வாசல்வரை நடந்துவிட்டுத்தான் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் போவேன்" என்று எழுதுங்கள். பார்க்க அற்பமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோபத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை அதிகம் அரிப்பது அது. வேதம் கோபத்தை முழுக்கத் தடைசெய்யவில்லை. "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்பது சங்கீதம் 4:4இலிருந்து எபேசியர் 4:26க்குப் போனது. இதற்கு நல்ல மாதிரி நெகேமியா 5:6-7. ஏழைகளின் கூக்குரல் கேட்டு "மிகவும் கோபங்கொண்டு", அடுத்து "என் மனதிலே ஆலோசனைபண்ணி", அதற்கப்புறம் பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளாமல் விடவில்லை. நடுவில் ஒரு படி வைத்தார், அவ்வளவுதான். அந்த நடுப்படியை எப்படிக் கட்டுவது? கோபம் வாய்க்கு வருமுன் உடம்புக்கு வருகிறது: தாடை இறுகும், காது சூடாகும், குரல் ஒரு படி ஏறும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று கவனித்து அதையே மணியாக வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் முன்பே தயாராக வைத்த ஒரு வாக்கியம்: "இதை இப்போது சரியாகப் பேச என்னால் முடியாது, அரை மணியில் வருகிறேன்." பிறகு விலகுங்கள். இருபது முப்பது நிமிடமாவது வேண்டும். உடம்பின் கொதிப்பு அதற்குள்தான் இறங்கும். அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக்கி, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில். யோவான் காசியான் என்ற துறவி ஐந்தாம் நூற்றாண்டில், எகிப்தின் துறவிகளிடம் கற்றதாக, எந்த நேரத்துக்கும் ஒரே ஒரு வரியைப் பரிந்துரைக்கிறார்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" (சங்கீதம் 70:1). ஒரு மூச்சில் அடங்கும். கொந்தளிப்பில் நீண்ட ஜெபம் வராது, இது வரும். நெகேமியாவும் ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையில் இப்படி ஒன்றைத்தான் செய்திருக்க முடியும் (2:4).

இதில் கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். விலகி நிற்கும் நேரத்தில் மனதில் வாதத்தை ஒத்திகை பார்த்தால், போனபோது இருந்ததைவிடச் சூடாகத் திரும்புவீர்கள். தலையணையைக் குத்தி ஆற்றிக்கொள்வதும் அப்படியே; 2002இல் பிராட் புஷ்மன் செய்த ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் கூடத்தான் செய்தது. சொன்ன நேரத்துக்குத் திரும்பாமல் இருப்பது இன்னும் மோசம். மௌனம் அங்கே அடக்கம் அல்ல, தண்டனை. பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும். கத்திவிட்டால் சூரியன் அஸ்தமிக்குமுன் மன்னிப்புக் கேளுங்கள், அதில் "ஆனால்" வரக்கூடாது. "நான் கத்தினேன், பென்சிலைத் தூக்கி எறிந்தேன், அது தவறு" என்று செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அப்பாவுக்கு எவ்வளவு கவலை தெரியுமா" என்று தொடர்ந்தால் மன்னிப்பை வாங்கிக்கொண்டு பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டீர்கள். சங்கடம் அதே இரவில் தீரவில்லையென்றால் தூங்காமல் வாதிட வேண்டும் என்று எபேசியர் 4:26 கட்டளையிடவில்லை. தணிய வேண்டியது உங்கள் எரிச்சல்.

இரவின் பயத்துக்கு எசேக்கியாவைப் பாருங்கள். அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதத்தை வாசித்துவிட்டு, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு கிடக்கவில்லை. மாலையில், இருட்டுமுன், பதினைந்து நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். ஒரு தாளில் எல்லாக் கவலையையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாளை நான் செய்யக்கூடிய ஒரு செயல் இருந்தால் அதை எழுதுங்கள்: யாருக்கு அழைக்க வேண்டும், எந்தத் தவணைக்கு அவகாசம் கேட்க வேண்டும். செயல் எதுவும் இல்லாதவற்றை மட்டும் விரித்து வைத்து ஜெபியுங்கள். இரவில் அதே கவலை வந்தால் "எழுதியாயிற்று" என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம். எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே பலிப்பதில்லை. ஆனால் தாளில் செயல் என்ற பத்தி காலியாகவே இருந்தால், கவலையை ஜெபம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஜெபம் வறண்டுபோனதைப் பற்றி: இதற்குத் திருச்சபையில் பழைய பாடம் உண்டு. நாலாம் நூற்றாண்டில் எவாக்ரியுஸ் என்ற துறவி பகலின் நடுவில் துறவியைத் தாக்கும் சோர்வை விவரிக்கிறார். வெயில் நகரவே இல்லை என்று தோன்றும், அறையைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கத் தோன்றும், சகோதரர்களிடம் அன்பு போய்விட்டது என்று தோன்றும், வேறு இடம் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். போனை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் நம் வியாதிக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை எனக்குத் தெரியாது. மருந்தாகச் சொல்லப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை, இடத்தைவிட்டு எழாதிருப்பது. இஞ்ஞாசியார் இன்னும் துல்லியமாக வைக்கிறார்: உள்ளம் வறண்டிருக்கும்போது முன்பு தெளிவில் எடுத்த தீர்மானங்களை மாற்றாதே, அந்த நேரத்தில் ஜெபத்தைக் குறைக்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்கும் சற்று அதிகமாக இரு. முதல் விதியை மட்டுமாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சபையை விட்டுவிடலாம், திருமணம் செய்ததே தவறு, ஊரைவிட்டே போய்விடலாம் என்ற பெரிய முடிவுகள் இரவு ஒரு மணிக்குத்தான் மிகத் தெளிவாகத் தெரியும். அவற்றை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள்.

அளவு என்ன? மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் அளவு. நல்ல நாளை வைத்து ஒரு மணி நேரம் என்று குறித்தால் மூன்றாம் நாள் முறியும், பிறகு முறிந்த குற்றவுணர்வே ஜெபத்துக்குத் தடையாகும். தீதாக்கே என்ற ஆதிச்சபை நூல் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. தானியேலும் மூன்று வேளை. காலையில் பத்து நிமிடம், மதியம் இரண்டு, இரவு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள். சங்கீதங்களில் புலம்பல் ஏராளம். 13, 42, 77, 88 ஆகியவற்றைச் சத்தமாக வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயாவும் ஒட்டப்படவில்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது. பழக்கம் 21 நாளில் படியும் என்று சொல்வார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. பிலிப்பா லாலி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே தவறிய நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்ட வேண்டாம். அதே பத்து நிமிடம் போதும்.

உபவாசம் நல்ல பயிற்சி, ஆனால் இப்போது உங்களுக்கு முதல் மருந்து அல்ல. தூக்கமும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் இருப்பவர் பிள்ளைகளிடம்தான் அதைத் தீர்ப்பார். வேண்டுமென்றால் ஒரு வேளை உணவு, வாரம் ஒரு நாள், தண்ணீர் குடித்துக்கொண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அவர்கள் போனையோ செய்தியையோ ஒரு நாள் நிறுத்தலாம். பலருக்குச் சோற்றைவிட அது கடினம்.

இனி, எங்கே உறுதியாகச் சொல்ல முடியும், எங்கே முடியாது என்பது. துன்பம் வந்தால் விசுவாசம் குறைவு என்று பொருள் அல்ல என்பது உறுதி. யோபு புத்தகம் முழுவதும் அந்தக் கணக்கைத்தான் உடைக்கிறது. உங்கள் குறிப்பிட்ட துன்பம் சோதனையா, சிட்சையா, உலகம் விழுந்துபோன உலகமாக இருப்பதன் விளைவா என்று யாராவது அறுதியிட்டுச் சொன்னால் நம்பாதீர்கள். வறட்சிக்கே இஞ்ஞாசியார் மூன்று காரணம் சொல்கிறார்: நம் அசட்டை, நம்மைச் சோதித்துப் பார்ப்பது, எல்லாம் கிருபை என்று கற்பிப்பது. எது என்று தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது பெரிதாக மாறுவதில்லை. "இந்த மாதத்துக்குள் மாறும்" என்ற வாக்குகளையும் அப்படியே வையுங்கள். மனவலிமை தசைபோல, உபயோகித்தால் தீர்ந்துபோகும் என்ற கருத்து 1998 முதல் பிரபலம், பிரசங்கங்களிலும் வரும். ஆனால் 2016இல் 23 ஆய்வுக்கூடங்களில் 2000க்கும் மேற்பட்டோரிடம் மீண்டும் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதன்மேல் எதையும் கட்ட வேண்டாம். "கோபத்தின் ஆவி" என்று சொல்லித் துரத்தினால் போதும் என்பாரும் உண்டு. ஜெபத்தை நான் தடுக்கமாட்டேன், ஆனால் கலாத்தியர் 5:20 கோபங்களை மாம்சத்தின் கிரியைகளோடு சேர்க்கிறது. அங்கே ஆண்டவர் கேட்பது மனந்திரும்புதலும் பயிற்சியும்.

ஒரு கேள்வியைப் படித்து என்னால் கண்டறிய முடியாத விஷயங்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாள் முழுவதும், மனம் இருண்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, சாக வேண்டும் என்ற நினைவு வந்தாலோ, அது பக்திக் குறைவு அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. சாவின் நினைவு வந்தால் இன்றே. குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும். நீண்ட நாள் தினமும் அதிகம் குடித்தவர் சபதம் எடுத்துத் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிரமையும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவது விசுவாசத்துக்கு விரோதம் அல்ல. வீட்டில் அடிக்கிறவரின் கையின் கீழ் பொறுமையாயிரு என்று யாருக்கும் சொல்லக்கூடாது. பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள் (அப்போஸ்தலர் 9:25). வாரினால் அடிக்கக் கட்டியபோது அவர் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டார் (22:25). அவரைப் பொறுமையில்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் கை பிள்ளைகள்மேல் ஓங்கும் அளவுக்குப் போயிருந்தால், இந்தப் பதிலில் உள்ள எதையும் தொடங்குமுன் அதை ஒருவரிடம் சொல்லுங்கள்.

அப்படியே உங்கள் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். சபையில் சொல்லலாமா? மேடையில் ஒலிவாங்கி முன் இப்போது வேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், வாரம் ஒருமுறை கூடி, கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனை என்ன, எப்படி விடுவிக்கப்பட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார். உங்களுக்கு ஒரே பாலினத்தவர் ஒருவர் போதும். மற்றவர்கள் கதையை உங்களிடம் சொல்லாதவராகப் பாருங்கள். உங்கள் கதையும் அவரிடம்தான் தங்கும். வாரம் அரை மணி நேரம், ஒரே நேரம். புள்ளி வைத்த தாளைக் காட்டுங்கள். அவர் அறிவுரை தொடங்கினால் "இந்த வாரம் கேட்க மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லலாம். மனைவியிடம் மறைக்க வேண்டாம், ஆனால் அவரையே கண்காணிப்பாளராக்க வேண்டாம். அவரும் அதே பாரத்தின் கீழ்தான் நிற்கிறார். சாட்சி கெடும் என்று பயப்படுகிறீர்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்ட ஒருவருடைய வார்த்தைகள்தான் 42ஆம் சங்கீதம். அதன் தலைப்பை வாசித்துப் பாருங்கள்: இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது, எல்லோரும் சேர்ந்து பாடுவதற்கு.